கடற்றொழிலாளர் கண்ணில் சதை வளர்வது ஏன்?

கொட்டியாரக் குடாவில் வெயில் வானிலிருந்தும் வரும், நீரில் பட்டுத் தெறித்தும் வரும். அதிலுள்ள புறஊதாக் கதிர்கள் வெள்ளைவிழியின் மெல்லிய சவ்வை ஆண்டுக்கணக்கில் தூண்ட, முக்கோணச் சதை கருவிழிமேல் படர்கிறது.

பெரும்பாலும் மூக்குப் பக்கமே ஏன்? பக்கவாட்டில் விழும் ஒளியைக் கருவிழியின் வளைவு அந்த ஓரத்தில் குவிக்கிறது என்பது ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் கொரோனியோவின் விளக்கம்.

வெட்டினால் தீருமா? 1997இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில், முதன்முறை வந்த சதையை வெட்டி அப்படியே விட்டபோது நூற்றுக்கு 61 கண்களில் மீண்டும் வளர்ந்தது; நல்ல சவ்வை எடுத்து ஒட்டியபோது 2 கண்களில் மட்டுமே. ஆகவே மூதூர், கிண்ணியாவிலிருந்து சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் “சவ்வு ஒட்டுவீர்களா, டொக்டர்?” என்று கேளுங்கள். கடலுக்குப் போகும் இளைஞர்கள் அகன்ற தொப்பியும் புறஊதா தடுக்கும் கண்ணாடியும் இன்றே அணியுங்கள்.