பைற்றர் மீன் ஏன் மூலையில் ஒதுங்குகிறது?

நல்லூரில் ஒரு வீட்டுத் தொட்டி. வடிகட்டி போட்டதும் பைற்றர் மீன் செடியின் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. நீண்ட செட்டை விசிறிபோல் விரிந்து நீரோட்டத்தில் இழுபடுகிறது. இது நோயல்ல, களைப்பு.

இந்த மீனின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி அதிலும் மூச்சு வாங்கும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டுவதும் நீர்மட்டத்தில்தான். மேற்பரப்பு கொந்தளித்தால் இரண்டும் கெடும். தாய்லாந்தின் தேங்கிய வயல்நீரில் வாழ்ந்த இனம் இது. நம் பக்கத்திலும் இதற்கு உறவினர் உண்டு: புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றின் பெயரால் 1831இல் 'குப்பானஸ்' என்று பெயர் பெற்ற சிறுமீன், இலங்கையிலும் தேங்கிய நீரில் வாழ்கிறது.

நீரோட்டம் இதற்கு ஒத்துவராது என்பதற்காக வடிகட்டியை நிறுத்திவிடாதீர்கள். பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கழிவின் அமோனியாவை மாற்றுகின்றன. ஓட்டம் நின்றால் அவை ஒட்சிசன் இன்றிச் சாகும். குறைக்க வேண்டியது வேகத்தை. நீர் வெளிவரும் வாயின் விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், அதே அளவு நீர் கால்பங்கு வேகத்தில் வரும். எனவே வெளிவாயில் பெரிய பஞ்சைச் செருகுங்கள், அல்லது வாயைக் கண்ணாடிச் சுவரை நோக்கித் திருப்புங்கள். வெளிவாயில் மாட்டிய, வெட்டிய பிளாஸ்டிக் போத்தலும் உதவும், ஆனால் விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் செட்டை கிழியும்.

உள்வாயை நெரிக்காதீர்கள், பம்ப் சூடேறிப் பழுதாகும். பஞ்சை வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.