கற்பூரவல்லியின் மணம் எங்கே போகிறது?

அண்ணனூரில் ரயிலைவிட்டு இறங்கித் தெருக்களில் நடந்தால், வீட்டு வாசல்களில் தொட்டியிலோ பழைய வாளியிலோ கற்பூரவல்லிச் செடியைக் காணலாம். அதன் தடித்த இலையைக் கசக்கினால் ஓமத்தின் நெடி அடிக்கும். அதனால் இதற்கு ஓமவல்லி என்றும் பெயர். ஆனால் ஓமம் காய்க்கும் செடி வேறு. அது கொத்தமல்லியின் குடும்பம். கற்பூரவல்லியோ துளசி, புதினாவின் குடும்பம்.

உறவில்லாத இரு செடிகளும் ஒன்றுபோல் மணப்பது எப்படி? ஓமத்தில் தைமால் மிகுதி. கற்பூரவல்லியில் பெரும்பாலும் கார்வக்ரால் மிகுதி. இரண்டின் மூலக்கூறிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. அடுக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு.

ஒரு நாள் எங்கள் வீட்டில் சளிக்காக ரசம் வைத்து, கொதிக்கும்போதே இலைகளைப் போட்டோம். வீடெல்லாம் மணம், தட்டில் மணமே இல்லை! ‘மணமில்லாத செடி’ என்று அதைப் பிடுங்கவும் துணிந்தோம். குற்றம் செடியினுடையதா?

கார்வக்ராலின் கொதிநிலை ஏறத்தாழ 237 டிகிரி செல்சியஸ். நீரோ 100 டிகிரியில் கொதிக்கிறது. அப்படியானால் கார்வக்ரால் பாத்திரத்திலேயே தங்கவேண்டுமல்லவா? இல்லை. கொதிநிலையை எட்டாத திரவத்திற்கும் ஆவியழுத்தம் உண்டு. மேலெழும் ஒவ்வொரு நீராவிக் குமிழியும் சிறிது கார்வக்ராலைச் சுமந்து செல்கிறது. இதுவே நீராவி வாலைவடித்தல். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையிலிருந்து தைலம் இறக்குவதும் இம்முறையில்தான். அவர்கள் ஆவியைக் குளிரவைத்துத் தைலத்தைப் பிடிக்கிறார்கள். நாம் ஜன்னல் வழியே விட்டுவிடுகிறோம்!

ஆகவே, அடுப்பை அணைத்தபின் இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வையுங்கள். ஆவி மூடியில் குளிர்ந்து மீண்டும் ரசத்திலேயே சொட்டும். பஜ்ஜியில் இந்த வேலையைக் கடலைமாவு செய்கிறது. அது இலையைப் போர்த்தி மணத்தைக் காக்கிறது. வதக்கிய இலையைத் தேங்காயோடு அரைத்துத் தயிரில் கலந்தாலும் மணம் நிற்கும். கார்வக்ரால் நீரைவிடக் கொழுப்பில் நன்கு கரைவதே காரணம்.

இப்போது ஒரு சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு சிறு இலைத்துண்டை மெல்லுங்கள். நாவில் ஒரு கதகதப்பு மட்டுமே தெரியும். வெப்பத்தை உணரும் புரதம் ஒன்றைக் கார்வக்ரால் தூண்டுவதை ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். இனி மூக்கை விடுங்கள். ஓம மணம் குபீரென்று எழும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணமே.

சளியால் மூக்கடைத்தவருக்கு ரசம் ருசிக்காததும் இதனால்தான். எங்கள் செடியைப் பிடுங்கவில்லை. இன்றும் வாசலில்தான் நிற்கிறது.