வலிக்குத் தெரியுமா மாநில எல்லை?

புதுதில்லி: தெலங்கானா மசோதாவால் அமளி துமளிப்பட்ட 15-வது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரில், அதிகம் பேசப்படாத மற்றொரு மசோதாவும் நிறைவேறியது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் செய்த அந்த மசோதாவுக்கு 2014 பிப்ரவரி 20-ல் மக்களவையும், மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தன.

புற்றுநோயாளிகளின் கடும் வலியைத் தணிக்கும் மார்பின் மருந்து அபினியிலிருந்து எடுக்கப்படுகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்துடன் அபினி பயிராகிறது. ஆயினும், 1985-ம் ஆண்டுச் சட்டப்படி பல உரிமங்கள் தேவைப்பட்டதால், மருத்துவமனைகள் மார்பினை வாங்கவே தயங்கின. திருத்தத்துக்குப் பின் ஒரே அனுமதி போதும் என்றாகியது. சட்டம் மாறியது; விழிப்புணர்வு அந்த அளவுக்கு வளரவில்லை.

ஆண்டுதோறும் 5.68 கோடி பேருக்கு நோய்த் தணிப்பு சிகிச்சை தேவை. அதைப் பெறுவோர் ஏறத்தாழ 14 சதவீதமே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் கேரளம் முன்னோடி. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய முயற்சி, 2008-ல் மாநில அரசின் கொள்கையாகவே உருவெடுத்தது. ஊராட்சி வாயிலாக செவிலியர் வீடு தேடி வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்திடுகிறார். சிறுநீர்க் குழாய் மாற்றுகிறார்.

இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை போன்ற ஏலக்காய் மலைப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகளில் தினமும் தோட்ட வேலைக்கு வருவோரும் உண்டு. உழைத்த இடம் கேரளம். நோயுற்றால் திரும்பும் சொந்த ஊர் தமிழகம். எல்லை தாண்டியவர் ஊராட்சியின் பராமரிப்பு வட்டத்துக்கு வெளியே சென்றுவிடுகிறார். தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இச்சிகிச்சை இடம்பெற்றுள்ளது. ஆனால், அதைக் கேட்டுப் பெறலாம் என்பது குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது மரணப் படுக்கைக்கு மட்டுமான சிகிச்சை அல்ல. நோய் கண்டறிந்த நாளிலிருந்தே வழக்கமான சிகிச்சையுடன் பெறலாம். இதய, சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் பொருந்தும். மருத்துவர் கண்காணிப்பில் உரிய அளவில் தரப்படும் மார்பினைக் கண்டு அஞ்சவும் தேவையில்லை.

வலி எங்கே, எப்படி என்பதை நோயாளி தன் தாய்மொழியில்தான் தெளிவாகச் சொல்ல முடியும். எனவே, எல்லையோரத்தில் தமிழறிந்த செவிலியரும், இரு மாநிலங்களிடையே நோயாளி குறித்த தகவல் பரிமாற்றமும் அவசியம். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. நாடாளுமன்றம் தன் பங்கைச் செய்துவிட்டது. எஞ்சியது இரு மாநில அரசுகளின் கையில் உள்ளது.