நம்ம போட்டோவுக்கு நாமளே சர்வர்: செல்ஃப் ஹோஸ்டிங் எங்க ஆரம்பிக்கிறது?

ரொம்ப நாளா மெசேஜ்ல வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "ப்ரோ, பெரிய கம்பெனி ஆப் எல்லாத்தையும் விட்டுட்டு சொந்தமா சர்வர் வைக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?" இதுக்கு ஒரு லிஸ்ட் போட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம். ஆனா நான் அப்படி லிஸ்ட் பார்த்து ஆரம்பிச்சு, திரும்ப வாங்க முடியாத ஒண்ணைத் தொலைச்சேன். அதனால என் கதையோட சேர்த்தே சொல்றேன்.

முதல்ல, செல்ஃப் ஹோஸ்டிங்னா என்ன?

நீங்க போன்ல எடுக்கிற போட்டோ பேக்கப் ஆகுதுன்னா, அது ஏதோ ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டருக்குப் போகுது. அந்தக் கம்ப்யூட்டரை நம்ம வீட்டுல வச்சு, அதே வேலையைச் செய்ற மென்பொருளை நாமளே அதுல போட்டு ஓட்டினா, அதுதான் செல்ஃப் ஹோஸ்டிங்.

செம்பரம்பாக்கத்துல இருக்கிறவனுக்கு இதை ஈஸியா புரியவைக்கலாம். எங்க ஏரித் தண்ணியைச் சுத்திகரிச்சு சிட்டிக்கு அனுப்ப, 2007-லேர்ந்து ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு நிலையம் ஓடுது. சிட்டில இருக்கிறவங்க குழாயைத் திறந்தா போதும். கிணறு வச்சிருக்கிறவங்க மோட்டார், ஃப்யூஸ், தூர் வார்றது எல்லாத்தையும் தானே பார்த்துக்கணும். ஆனா குழாயை வேற யாரும் மூட முடியாது. கிளவுட் குழாய் மாதிரி, செல்ஃப் ஹோஸ்டிங் கிணறு மாதிரி.

குழாயை யாராவது மூடுவாங்களா?

மூடியிருக்காங்க. 2025 ஜூலையில குஜராத்ல வாடினார்ல ரிஃபைனரி நடத்துற நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்னு போச்சு. அந்தக் கம்பெனியில ரஷ்யாவோட ராஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு இருக்குன்னு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டதோட தொடர்ச்சி இது. காசு கட்டி வாங்கின லைசென்ஸ், இருக்கிறது இந்தியாவுல. ஆனாலும் ஊழியர்களால ஆபீஸ் மெயிலைத் திறக்க முடியல. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. அந்த மாசக் கடைசியில சேவை திரும்ப வந்தது.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்காங்க. எங்க அண்ணனுக்கு இல்ல. பெரியம்மா பையன் அவரு. 2022-ல ஒரு நாள் அவரோட அக்கவுண்ட் லாக் ஆச்சு. எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம். காரணமும் சொல்லல, பேச ஒரு மனுஷனும் கிடைக்கல, ஒரு படிவம் மட்டும்தான். 19 நாள் கழிச்சுத் தானா திறந்துச்சு. அந்த 19 நாளும் பெரியம்மா சரியா சாப்பிடல. ஏன்னா அந்த அக்கவுண்ட்லதான் வெள்ளத்துல தப்பிச்ச போட்டோ எல்லாம் இருந்துச்சு.

2015 டிசம்பர் 1 நைட் ஞாபகம் இருக்கும். எங்க ஏரியிலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணி திறந்துவிட்டாங்க. அது அடையாறு வழியாப் போய், ஜாபர்கான்பேட்டையில பெரியம்மா இருந்த கிரவுண்ட் ஃப்ளோருக்குள்ள நுழைஞ்சுது. ஆயா வீட்டு ஆல்பம் எல்லாம் அங்கதான் இருந்துச்சு. சேறு கழுவி, மொட்டை மாடியில கொடி கட்டிக் காயவச்சு, மிஞ்சின போட்டோக்களை ஸ்கேன் பண்ணி அண்ணன் கிளவுட்ல ஏத்தினாரு.

ஏரி பக்கத்துல இருந்த எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. கீழ இருந்த அவங்க வீட்டுலதான் எல்லாம் போச்சு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பேக்கப் பத்தி பேசும்போது திரும்ப வருவேன்.

நம்ம ஊர் ஆப் போதாதா?

2025 செப்டம்பர், அக்டோபர்ல திடீர்னு எல்லாரும் அரட்டை ஆப் டவுன்லோட் பண்ணாங்க. சோஹோ நம்ம ஊர் கம்பெனி, எனக்கும் பெருமைதான். ஆனா வெளிநாட்டுக் கம்பெனிலேர்ந்து உள்ளூர்க் கம்பெனிக்கு மாறுறது வாடகை வீட்டுல ஓனர் மாறுற மாதிரி. புது ஓனர் நல்லவரா இருக்கலாம், தமிழ் பேசலாம். சாவி அவர்கிட்டதான் இருக்கும்.

ஓப்பன் சோர்ஸ்ல மூல நிரலையே கொடுத்துடறாங்க, லைசென்ஸோட. பிடிக்கலேன்னா எடுத்துட்டுப் போய் தனியா நடத்தலாம். 2016-ல ஓன்கிளவுடைத் தொடங்கின ஃபிராங்க் கார்லிட்ஷெக் அந்தக் கம்பெனியிலேர்ந்து வெளிய வந்து, அதே நிரலை அடிப்படையா வச்சு நெக்ஸ்ட்கிளவுடை ஆரம்பிச்சாரு. பயன்படுத்தினவங்க தங்களோட ஃபைலை எடுத்துட்டு அங்க மாறிக்க முடிஞ்சுது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்ல. 2006, 2007 வாக்கில எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர், அந்த நிறுவனத்தையே லினக்ஸுக்கும் ஓப்பன்ஆபிஸுக்கும் மாத்தினாரு. சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் வந்ததும் அந்தக் காலம்தான். 2012-ல எங்க அக்காவுக்கு பிளஸ் டூல கிடைச்ச அரசு லேப்டாப்பை ஆன் பண்ணா, விண்டோஸா பாஸான்னு கேக்கும். நாங்க என்ன பண்ணோம்? பூந்தமல்லியில ஒரு கடையில கொடுத்து பாஸை அழிச்சுட்டு வந்தோம். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாம கையில வந்ததை விட்டுட்டோம். அந்த லேப்டாப்பும் இந்தக் கதையில திரும்ப வரும்.

என்ன வாங்கினேன், எப்படிப் போட்டேன்

2023 தொடக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின மினி பிசி ஒண்ணு வாங்கினேன். 8 ஜிபி ரேம், 9,500 ரூபாய். சும்மா இருக்கும்போது 12 வாட் மாதிரி இழுக்குது. நாள் முழுக்க ஓடினா ரெண்டு மாசத்துக்கு 17, 18 யூனிட். கரண்ட் பில்லுல பெரிசா தெரியாது. கரண்ட் போனா தாங்க ஒரு சின்ன யுபிஎஸ். அதுல டெபியன் லினக்ஸ், அது மேல டோக்கர். டோக்கர்னா ஒவ்வொரு ஆப்பையும் அதுக்குத் தேவையானதோட ஒரு டப்பாவுல அடைச்சு ஓட்டுற கருவி.

போட்டோவுக்கு இம்மிச். போன்ல ஆப் இருக்கு, தானா பேக்கப் எடுக்கும், முகத்தை அடையாளம் கண்டு சேர்த்து வைக்கும். நான் போட்டப்போ அது இன்னும் வளர்ந்துட்டு இருந்த மென்பொருள். 2025 அக்டோபர்லதான் முதல் நிலையான பதிப்பு வந்துச்சு.

வழியில ரெண்டு இடத்துல எல்லாரும் மாட்டுவாங்க. ஒண்ணு, கூகுள் டேக்அவுட்ல போட்டோவை இறக்கும்போது, தேதி மாதிரி சில விவரம் பக்கத்துல தனி ஜேசன் ஃபைலாவும் வரும். போட்டோவை மட்டும் காப்பி பண்ணா 2009 பொங்கல் படம் இன்னைக்குத் தேதியில போய் நிக்கலாம். இம்மிச்-கோன்னு ஒரு கருவி இருக்கு, அது ரெண்டையும் சேர்த்துப் படிச்சு ஏத்தும்.

ரெண்டாவது, வெளிய இருந்து வீட்டு சர்வரைத் தொடுறது. பழைய ஐபி முகவரி மொத்தமே சுமார் 430 கோடிதான். பத்தாததால நிறைய இன்டர்நெட் கம்பெனி பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே முகவரி கொடுக்கும். இதுக்குப் பேரு சிஜிநாட். பெரிய அபார்ட்மென்ட்டுக்கு ஒரே டோர் நம்பர்னு வச்சுக்கோங்க. உள்ள இருந்து யாரும் வெளிய போகலாம், வெளிய இருந்து வர்றவனுக்கு எந்த ஃபிளாட்னு தெரியாது. ரூட்டர்ல என்ன போர்ட் திறந்தாலும் வேலைக்கு ஆகாது. டெயில்ஸ்கேல் போட்டா உங்க போனும் சர்வரும் தங்களுக்குள்ள ஒரு தனி வழி போட்டுக்கும். சர்வரை ஊருக்கே திறந்து வைக்கவும் வேண்டாம், அது பாதுகாப்புக்கும் நல்லது. டெயில்ஸ்கேலோட மைய சர்வர் ஓப்பன் சோர்ஸ் இல்ல. அது உறுத்தினா பின்னாடி ஹெட்ஸ்கேலுக்கு மாறலாம். முதல் நாளே வேண்டாம்.

ஆயா சொன்ன பேரு

வெள்ளத்துல தப்பின போட்டோவை எல்லாம் இம்மிச்ல ஏத்தினப்போ அது முகம் முகமாப் பிரிச்சு, "இது யாரு?"ன்னு பேர் போட இடம் விட்டுச்சு. எங்க அம்மாவுக்கே பாதி பேரைத் தெரியல. ஆயாவை உட்கார வச்சேன். டிவில போட்டு ஒவ்வொரு முகமா காட்டினேன். "இது எங்க சின்ன மாமா பொண்ணு, குன்றத்தூர்ல கட்டிக் குடுத்தாங்க. இவன் பட்டாளத்துக்குப் போனவன்." ஆயா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணேன். நாலு ஞாயித்துக்கிழமை, 63 பேரு. அந்த வருஷ ஐப்பசியில ஆயா போய்ட்டாங்க.

2024 மே மாசம் சர்வர்ல இருந்த எஸ்எஸ்டி செத்துப் போச்சு. நான் பதறல. வாரா வாரம் போட்டோ ஃபோல்டரை ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துட்டுதான் இருந்தேன். புது எஸ்எஸ்டி போட்டு எல்லாத்தையும் ஏத்தினேன். ஒரு போட்டோகூட குறையல. முகங்கள் பக்கத்தைத் திறந்தா எல்லாக் கட்டமும் பேர் இல்லாம நின்னுச்சு.

போட்டோ ஃபோல்டர்ல இருந்துச்சு. பேரு, ஆல்பம் எல்லாம் டேட்டாபேஸ்ல இருந்துச்சு. டேட்டாபேஸ் செத்துப்போன எஸ்எஸ்டில. அதை நான் காப்பியே எடுக்கல. இம்மிச் ஆவணத்துல ரெண்டையும் எடுக்கணும்னு தெளிவாத்தான் போட்டிருந்தான், நான்தான் படிக்கல. தப்பு முழுக்க என்னோடது. அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து ஞாபகப்படுத்தி 52 பேரைத் திரும்பப் போட்டாங்க. 11 முகத்துக்கு இன்னும் பேர் இல்ல.

அண்ணனோட அக்கவுண்ட் லாக் ஆனப்போ திட்டுறதுக்கு ஒரு கம்பெனியாவது இருந்துச்சு. இந்தத் தடவை அந்தக் கம்பெனியே நான்தான்.

இப்போ எப்படி வச்சிருக்கேன்

பேக்கப்புக்கு 3-2-1ன்னு ஒரு விதி இருக்கு. பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்தினது. மூணு பிரதி, ரெண்டு வித சாதனம், ஒண்ணாவது வேற இடத்துல. ஏரியையும் ஆத்தையும் வச்சுக்கிட்டு வாழ்ற நமக்கு அந்தக் கடைசி ஒண்ணுதான் உயிர். ஒரே வீட்டு மேசையில மூணு டிஸ்க் இருந்தாலும், தண்ணி வந்தா எல்லாம் ஒண்ணாத்தான் நனையும்.

என்னோட மூணாவது பிரதி ஆவடியில அக்கா வீட்டு ரெண்டாவது மாடியில இருக்கு. எதுலன்னு கேட்டீங்கன்னா, அந்த 2012 அரசு லேப்டாப். ஸ்கிரீன் உடைஞ்சு போச்சு, ரேம் 2 ஜிபிதான், இம்மிச் எல்லாம் ஓடாது. ஆனா டெபியன் போட்டு ஒரு புது டிஸ்க் மாட்டினா, வர்ற ஃபைலை வாங்கி வச்சுக்கத் தாராளமா போதும். தினமும் ராத்திரி டேட்டாபேஸும் போட்டோவும் சேர்த்து ரெஸ்டிக் வழியா அங்க போகுது. ரெஸ்டிக் எல்லாத்தையும் பூட்டித்தான் அனுப்பும், அதனால அக்கா வீட்டுல யாரும் திறந்து பார்க்க முடியாது. பாஸ்வேர்ட் தொலைஞ்சா நானும் திறக்க முடியாது. அதனால அதை ஒரு பேப்பர்ல எழுதி அம்மா பீரோவுல வச்சிருக்கேன், என்ன செய்யணும்னு தமிழ்ல ஒரு பக்கத்தோட. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணன் அதைப் படிச்சு எடுக்கணும் இல்லையா?

முக்கியமானது இதுக்கு அப்புறம்தான். மூணு மாசத்துக்கு ஒருமுறை, ஆவடிலேர்ந்து எல்லாத்தையும் இறக்கி, வேற ஒரு கம்ப்யூட்டர்ல இம்மிச்சைப் புதுசா போட்டு, ஆயாவோட முகத்துக்குக் கீழ பேரு வருதான்னு பார்ப்பேன். வந்தாத்தான் பேக்கப் இருக்குன்னு எடுத்துப்பேன்.

நீங்க எங்க ஆரம்பிக்கலாம்

எல்லாத்தையும் ஒரே நாள்ல விடாதீங்க. மெயில் சர்வரை வீட்டுல வைக்கவே வைக்காதீங்க. வீட்டு ஐபிலேர்ந்து போற மெயில் பெரும்பாலும் ஸ்பேம்லதான் விழும். அதுக்குப் பதிலா சொந்தமா ஒரு டொமைன் வாங்கி, காசு கட்டி எங்கயாவது மெயில் வச்சுக்கோங்க. கம்பெனி மாறினாலும் முகவரி உங்களோடது. வாட்ஸ்அப்பை நீங்க மட்டும் விட்டுப் பிரயோஜனம் இல்ல, சொந்தக்காரங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. நானும் அங்கதான் இருக்கேன்.

திரும்பக் கிடைக்காதது எதுவோ அதுல ஆரம்பிங்க. பெரும்பாலும் அது போட்டோதான். முதல் ஆறு மாசம் கிளவுட்ல இருக்கிறதை அழிக்காதீங்க, அதுவும் ஒரு பிரதிதான். உங்க சர்வர்லேர்ந்து ரெண்டு தடவையாவது எல்லாத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகு முடிவு பண்ணுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை சர்வர் எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுல வயசானவங்க இருந்தா, பழைய ஆல்பத்தை எடுத்துட்டு அவங்க பக்கத்துல உட்காருங்க. அவங்க சொல்ற பேரை ஒரு நோட்டுல எழுதுங்க. அந்த நோட்டையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.