விளையாட்டுக்கு ஒரு துபாசி

மாலை வேளையில் ஆனேக்கல் கடைத்தெருவில் ஒரு காய்கறிக் கடைமுன் சற்றே நின்று பாருங்கள். கடைக்காரர் ஒருவரிடம் கன்னடத்தில் விலை சொல்வார், அடுத்தவரிடம் தெலுங்கில் பேரம் பேசுவார், நம்மைக் கண்டதும், "என்ன தம்பி, தக்காளி அரைக் கிலோவா?" என்று தமிழுக்கு மாறிவிடுவார். ஓசூரும் தமிழக எல்லையும் அருகில் இருக்கும் ஊர் அல்லவா! வாங்குவோர் தம் மொழியை மாற்றிக்கொள்வதில்லை, தக்காளியும் மாறுவதில்லை. இரு பக்கத்துச் சொல்லும் அறிந்த ஒருவர் இடையில் நிற்கிறார், அவ்வளவே. 'லினக்சில் விளையாட முடியுமா?' என்று விடுதி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைக்காரர்தாம் நினைவுக்கு வருகிறார்.

இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய கேள்வி அன்று. விண்டோசு 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோசு 11-க்கு மாற வேண்டுமானால் 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். என் அறைத்தோழனின் கணிப்பொறி, பொம்மசந்திரத்தில் வேலை செய்யும் அவன் அண்ணன் தம் போனஸ் பணத்தில் வாங்கித் தந்தது. இன்றும் பழுதின்றி ஓடுகிறது. ஆயினும் புதிய விண்டோசு அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. போதாக்குறைக்கு, முன்பு ஒருமுறை அவன் எங்கிருந்தோ பெற்ற கள்ளப்படி விளையாட்டு ஒன்றோடு நச்சுநிரலும் சேர்ந்து வந்து, ஒப்படைக்க வேண்டிய திட்ட அறிக்கையை முதல்நாள் இரவில் விழுங்கிவிட்டது. "புதுசு வாங்க அண்ணன்கிட்ட எந்த முகத்தோடடா கேட்பேன்?" என்றான். விடை சொல்லுமுன் நானே சிலவற்றைக் கற்க வேண்டியிருந்தது.

கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் ஏவும் நிரல்களையும் இணைத்து ஆள்வது இயங்குதளம். விண்டோசு அத்தகையது, லினக்சும் அத்தகையதே. பின்னதன் கருவை 1991-இல் எழுதத் தொடங்கியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்து மாணவர். (தேர்வுக்கு மட்டுமே படிக்கும் நம் போன்றோர் இதனைச் சற்றுக் கவனிப்போமாக.) அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பெங்களூருக்கும் இது புதிதன்று. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கி, 2001-இல் பெரிதும் பேசப்பட்ட 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறி லினக்சில்தான் இயங்கியது.

நிற்க. விண்டோசுக்கென எழுதப்பட்ட விளையாட்டு லினக்சில் ஏன் ஓடவில்லை? பலரும் நினைப்பது போல, இரண்டின் கணக்கும் வேறு என்பதால் அன்று. விளையாட்டிலுள்ள கூட்டல் கழித்தல் கட்டளைகள் நேரே செயலிக்குச் செல்பவை, செயலி ஒன்றே. வேறுபடுவது இயங்குதளத்திடம் அந்த விளையாட்டு கேட்கும் உதவிகளே. 'இந்தக் கோப்பைத் திற', 'இந்த ஒலியை எழுப்பு', 'இங்கே ஒரு முக்கோணம் வரை' என்று நொடிக்கு ஆயிரக்கணக்கில் அது விண்டோசின் மொழியில் கேட்கும். லினக்சிடம் இவ்வளவையும் செய்யும் ஆற்றல் உண்டு. கேட்ட மொழிதான் புரியாது.

ஆகவே ஒரு துபாசி தேவைப்பட்டார். புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த வேலைதான்! அந்த வேலைக்கு 1993-இல் பிறந்த மென்பொருளின் பெயர் 'வைன்'. மதுவிலக்கு அன்பர்கள் அஞ்ச வேண்டா. 'இது போலிப்பொறி அன்று' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அப்பெயர். போலிப்பொறி என்பது ஒரு கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியையே நடித்துக் காட்டுவது. ஆதலால் பெரும்பாலும் வேகம் குறையும். வைன் நடிப்பதில்லை. விண்டோசு தரவேண்டிய விடையை லினக்சைக் கொண்டு தருகிறது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் இதனை நடத்திவருகிறார். விண்டோசின் மூல நிரல் வெளியார்க்குத் திறந்ததன்று. எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று வெளியிலிருந்து சோதித்துச் சோதித்தே எழுத வேண்டியிருந்தது. முதற் பதிப்பு என்னும் 1.0 வெளிவர 2008 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள்! இத்தகைய பொறுமையை நான் அகராதி தொகுத்தோரிடம் மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறேன்.

இதற்கிடையே வணிகமும் நுழைந்தது. விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' கடையை நடத்துவது வால்வ் நிறுவனம். 2012-இல் விண்டோசு 8 தனக்கெனச் சொந்தக் கடையோடு வந்தபோது, வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதனை வெளிப்படையாகவே கண்டித்தார். பிறர் வீட்டுத் திண்ணையில் கடை வைத்தவருக்கு வரும் அச்சம் அது! 2013-இல் ஸ்டீம் லினக்சுக்கும் வந்தது. 2015-இல் லினக்சில் இயங்கும் விளையாட்டுப் பெட்டிகளும் வந்தன, விலைபோகவில்லை. ஒவ்வொரு விளையாட்டையும் லினக்சுக்கென மீண்டும் எழுதுங்கள் என்றால் யார் எழுதுவார்?

திருப்பம் ஒரு தனி மனிதரிடமிருந்து வந்தது. பிலிப் ரெபோல் என்பவர் 'நியர் ஆட்டோமேட்டா' என்னும் விளையாட்டை லினக்சில் ஆட விரும்பினார். விண்டோசின் வரைகலை மொழி 'டைரக்ட்3டி'. அதனை, 2016-இல் வெளியான 'வல்கன்' என்னும் பொது வரைகலை மொழிக்கு மாற்றித்தரும் 'டி.எக்ஸ்.வி.கே.' என்ற மென்பொருளை எழுதினார். வால்வ் அவரை ஆதரித்தது. வைனையும் இதனையும் இணைத்து 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்று வெளியிட்டது. 2022-இல் வந்த 'ஸ்டீம் டெக்' கைப்பொறி இதனை நம்பியே விற்பனைக்கு வந்தது. இன்று ஸ்டீமில் விண்டோசுக்கென விற்கப்படும் விளையாட்டுகளுள் பெரும்பகுதி, அழுத்தினால் லினக்சில் ஓடுகிறது. முதல் ஓட்டத்தில் சில காட்சிகள் திக்கித் திணறலாம். வரைகலைக் குறிப்புகள் அப்போதுதான் மொழிமாறுகின்றன. பிறகு அது பெரும்பாலும் குறைந்துவிடும்.

எல்லாம் ஓடுமா? ஓடா. நம் விடுதியில் இரவெல்லாம் ஒலிக்கும் 'வேலரண்ட்' ஓடாது, 'போர்ட்நைட்' ஓடாது. 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் அதன் உரிமையாளரே லினக்சுக்குத் தடை விதித்தனர். இங்கே தவறு துபாசியுடையது அன்று. வேலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோசின் கருவுக்குள்ளேயே குடியேறிக் காவல் காக்கிறது. அதாவது, விருந்துக்கு வருபவர் வீட்டின் எல்லா அறைச் சாவியையும் கேட்கிறார். ஏமாற்றுக்காரர் தொல்லை உண்மையே, மறுக்கவில்லை. ஆயினும் 'ஈசி ஆன்டி சீட்', 'பேட்டில் ஐ' என்னும் இரு தடுப்பு மென்பொருள்களும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. அவ்வழியைத் திறப்பதும் திறவாததும் விளையாட்டை ஆக்குவோர் கையில். ஒரு விளையாட்டுக்காக வீட்டுச் சாவி முழுவதையும் தர எனக்கு மனமில்லை. தருவோரைக் குறை கூறவும் மாட்டேன்.

துபாசியே வேண்டாத விளையாட்டுகளும் உண்டு. 'சூப்பர் டக்ஸ் கார்ட்' வண்டிப் பந்தயம், 'வெஸ்நாத்' போர்க்கதை, பழங்காலப் பேரரசுகளைக் கட்டியாளும் '0 ஏ.டி.' ஆகியவை திறந்த மூலத்தில் எழுந்தவை. காசு வேண்டா, கள்ளப்படியும் வேண்டா. 0 ஏ.டி.யில் மௌரியர் உளர். சேர சோழ பாண்டியர் இல்லை. நிரலும் படங்களும் திறந்தே கிடக்கின்றன. நம் கணிப்பொறித் துறையாரும் வரலாற்றுத் துறையாரும் ஒரு விடுமுறையில் கூடினால் என்ன?

செய்து பார்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல். முதலில் கோப்புகளைப் படியெடுத்து வெளியே வையுங்கள். லினக்சு மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, கணிப்பொறியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். இன்டெல், ஏ.எம்.டி. வரைகலைக்கு வேண்டியவை பெரும்பாலும் உடனே வரும். என்விடியாவுக்குத் தனி இயக்கி ஏற்றுவது நலம்.

தோழனின் கணிப்பொறியில் மின்ட் ஏற்றி மூன்று மாதமாகிறது. அண்ணனும் ஒரு ஞாயிறு வந்து, தம்பியோடு வண்டிப் பந்தயம் ஆடித் தோற்றுப்போனார். வேலரண்ட் ஆட மட்டும் அவன் அடுத்த அறைக்குப் போகிறான். அந்த அறை நண்பனும் திட்ட அறிக்கை எழுத எங்கள் அறைக்கு வருகிறான்.