ஆசிரியர் ஊதியமும் நாட்டின் கடனும்

ஆசிரியப் பணியைத் தொழில் என்று கூறுதல் பொருந்தாது, அஃது ஒரு தொண்டு என்று கூறுவோர் நம்மிடையே பலர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், தொண்டு செய்வோர் ஊதியத்தைப் பற்றிப் பேசலாகாது என்று அதிலிருந்து ஒரு முடிவு கட்டுவாராயின், அம்முடிவு ஆராயத்தக்கது. ஆசிரியர் செய்யும் வேலைக்கு ஏற்ற ஊதியம் பெறுகின்றனரா? பெறவில்லையெனின், அக்குறையின் சுமை யார் தலையில் விழுகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை நூலோர் ஆசிரியனுக்கு அளித்த இடம் மிகப் பெரிது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். பொறுமை, அளத்தற்கரிய அறிவு, நடுவுநிலை, யாவரும் விரும்பும் இயல்பு ஆகியன அவ்வுவமைகளால் உணர்த்தப்பட்டன. நம் யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளிற் கற்பித்த சட்டம்பியாரையும் ஊரார் அம்மதிப்புடனேயே போற்றினர். அவருக்கு மாதச் சம்பளம் என்பதொன்று இருக்கவில்லை. வித்தியாரம்பத்திலும் நவராத்திரியிலும் கிடைத்த காணிக்கையும், அறுவடைக் காலத்து நெல்லுமே அவருடைய வருவாய். ஊர் அவரைத் தாங்கியது; அவர் ஊரைத் தாங்கினார். அரிசியும் காய்கறியும் வீட்டு வளவிலும் அயல் வயலிலும் கிடைத்த அக்காலத்தில் அம்முறை ஒருவாறு நடைபெற்றது. அங்ஙனம் நடைபெற்றதைக் கொண்டு, ஆசிரியருக்கு மதிப்பே ஊதியம் என்று இன்று வாதிப்பது காலத்தை மறந்த வாதமாகும். கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் மதிப்பைப் பெற்றுக்கொண்டு பொருளையோ பயணத்தையோ தருவதில்லை.

தியாகத்தின் எடுத்துக்காட்டாக நாம் முதற்கண் நினைப்பவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் தாம் வகித்த ஆசிரியப் பதவியை 1848ஆம் ஆண்டில் துறந்து, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். சம்பளத்தை விட்டு வந்து கற்பித்த அச்செயல் நம் கல்வி வரலாற்றின் ஒளிவிளக்கு. எனினும் இங்கே ஒன்றைக் கருதல் வேண்டும். நாவலர் செய்தது தாமே விரும்பி ஏற்ற துறவு. அவர் இல்லறத்தை மேற்கொள்ளவில்லை. துறவு ஒருவர் தாமாக ஏற்பது. பிறர்மீது சுமத்துவது அன்று. மனைவி மக்களோடு வாழும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கொண்ட ஒரு நாடு, ஒரு துறவியின் வாழ்வைச் சம்பளத் திட்டமாக வகுத்தல் இயலாது.

இனி, ஆசிரியர் ஊதியம் அரசாங்கத்தின் பொறுப்பாக மாறிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன்பின் தனியார் நடத்திய பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவி நன்கொடை வழங்கலாயிற்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்ட ‘பேற்றுக்கேற்ற கொடை’ என்னும் முறை இங்கும் வந்து சேர்ந்தது. பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார்; தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும். அதனால் பிள்ளையின் சுகவீனமும் மழைக்காலத்து வரவுக் குறைவும் பாடசாலையின் வருவாயைக் குறைத்தன. அறிவை வளர்ப்பதிலும், பரிசோதகர் வரும் நாளுக்காகப் பாடத்தை உருப்போடச் செய்வதே ஊதியத்துக்கு உறுதியான வழியாயிற்று. தேர்வுப் பேற்றையே ஆசிரியர் திறமையின் ஒரே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று இன்றும் சிலர் கூறுவதுண்டு. அவ்வழி ஏற்கெனவே நடந்து பார்த்த வழி என்பதை அவர்கள் அறிதல் நன்று.

பிற்காலத்தில் 1923ஆம் ஆண்டிற் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றி, இந்து போர்ட் இராசரத்தினம் அவர்களின் உழைப்பால் ஊர்தோறும் பாடசாலைகளை வளர்த்தது. எனினும் புதிய பாடசாலையொன்று பதிவு பெற்று உதவிப் பணத்துக்கு உரியதாகும் வரை, அதன் செலவை நடத்துவோரே தாங்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் பாடசாலை ஆசிரியருக்கும் தாய்மொழிப் பாடசாலை ஆசிரியருக்கும் இடையே அக்காலத்தில் நிலவிய சம்பள வேற்றுமையோ மிகப் பெரிது. கிராமத்து ஏழைப் பிள்ளைக்குக் கற்பித்தவரே குறைந்த சம்பளம் பெற்றார். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் 1961ஆம் ஆண்டுகளிற் சட்டங்கள் வாயிலாக உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. அப்பாடசாலைகளின் ஆசிரியர் முகாமையாளரின் தயவை எதிர்நோக்கும் நிலையிலிருந்து நீங்கி, அரசாங்க சேவையாளராயினர். இது பெரும் பேறு. ஆயினும் அன்று முதல் ஊதியத்தின் அளவு ஒரே ஒரு முதலாளியின் கையில் அடங்கியதாயிற்று.

ஊதியத்தைப் பற்றிப் பேசும்போது, கற்பித்தலை விட்டு அகன்றவர்களையும் எண்ணிப் பார்த்தல் தகும். புத்தூருக்கு அணித்தாயுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1852ஆம் ஆண்டிற் கோப்பாயில் ஆசிரியராகத் தம் வாழ்வைத் தொடங்கினார். பின்னர்ச் சென்னை சென்று, அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது கலைமாணித் தேர்விலே தேறினார், கள்ளிக்கோட்டையிலும் ஆசிரியராயிருந்தார். அதன்பின் அரசாங்கக் கணக்குத் திணைக்களத்திற் சேர்ந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஈற்றிற் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய அப்பெருமகனார் தமிழுக்குச் செய்த பணியை யாரும் மறவார். அவர் துறை மாறிய காரணத்தை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. அறிவும் ஆற்றலும் மிக்கவருக்கு வகுப்பறைக்கு வெளியே உயர்ந்த வழிகள் அன்றே திறந்திருந்தன என்பதே நாம் காண வேண்டியது. இன்று அவ்வழிகள் இன்னும் அகன்றுள்ளன. வங்கியும், கணினி நிறுவனமும், கடல் கடந்த நாடுகளும் திறமையுள்ள இளைஞரை அழைக்கின்றன. அவ்வழைப்போடு போட்டியிட வகுப்பறைக்கும் வலிமை வேண்டாவா?

ஆசிரியரின் வேலை யாது? காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடியும் ஆறு மணி நேர வேலை என்று பலர் கருதுவர். இக்கருத்தை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்புகளுக்குக் கற்பிக்கின்றார் என்றும், வகுப்புக்கு 40 மாணவர் உளர் என்றும் கொள்வோம். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பயிற்சிக் கொப்பியையும் திருத்த மூன்று நிமிடம் போதும் எனக் கொண்டாலும், 200 கொப்பிகளுக்கு 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம் வேண்டும். பாடக் குறிப்பெழுதல், தவணைப் பரீட்சை வினாத்தாள் ஆயத்தம் செய்தல், விடைத்தாள் திருத்தல், இடாப்பு நிரப்புதல், விளையாட்டுப் போட்டிக்கும் நாவலர் விழாவுக்கும் பிள்ளைகளைப் பழக்குதல், வராத பிள்ளையின் வீடு சென்று பெற்றோரைக் காணுதல் ஆகியன இக்கணக்கில் அடங்கா. பாடசாலை மணி ஒலித்ததும் மாணவர் வீடு செல்வர். ஆசிரியரின் வேலையும் அவரோடு அவர் வீட்டுக்குச் செல்லும்.

இவ்வேலைக்குத் தக்க ஊதியம் எது என்பதை அளக்க உலகம் ஏற்ற ஓர் அளவுகோல் உண்டு. சர்வதேசத் தொழில் நிறுவனமும் யுனெஸ்கோவும் 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி பாரிஸ் நகரில் ஏற்கச் செய்த பரிந்துரை, ஒத்த தகைமையை வேண்டும் பிற தொழிலோர் பெறும் ஊதியத்தோடு ஆசிரியர் ஊதியம் ஒப்புநோக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. அந்நாளே இன்று உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இலங்கையில் ஆசிரியர் சேவை 1994ஆம் ஆண்டு தனிச் சேவையாக அமைக்கப்பட்டது. ஆயினும் 1997ஆம் ஆண்டின் சம்பள மறுசீரமைப்பில், ஒத்த தகைமையுள்ள பிற சேவையினரிலும் ஆசிரியரும் அதிபரும் கீழே தள்ளப்பட்டனர் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் முறைப்பாடு. இம்முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021ஆம் ஆண்டு யூலை மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒக்டோபர் வரை நீடித்தது. கொள்ளை நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த அக்காலத்தில், ஆசிரியர் பலர் தம் சொந்தத் தொலைபேசியிலும் சொந்தச் செலவிலும் நடத்திவந்த இணையவழி வகுப்புகளே அப்போது நிறுத்தப்பட்டன. சுபோதினி குழுவின் அறிக்கை அளித்த தீர்வில் மூன்றிலொரு பங்கு மட்டுமே கிடைத்தது என்று கூறி, எஞ்சிய மூன்றில் இரு பங்கையும் வேண்டி 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஆசிரியர் மீண்டும் வீதிக்கு வந்தனர். கொழும்பில் அவர்களைக் கண்ணீர்ப் புகையும் நீர்த்தாரையும் எதிர்கொண்டன.

இதற்கிடையே பெற்ற சம்பளத்தின் பெறுமதியும் கரைந்தது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்து நின்றது. இதன் பொருள் யாது? முந்திய ஆண்டில் ஒரு ரூபா செய்த வேலையில் 59 சதத்தின் வேலையையே அதே ரூபா அப்போது செய்தது. சம்பளமோ அவ்வளவுக்கு உயரவில்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, 2025 முதல் 2027 வரை படிப்படியாக உயர்த்த முடிவு செய்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் முன்னர் வழங்கப்பட்ட சில படிகளும் அதனுள்ளே சேர்க்கப்பட்டமையால், கைக்கு வரும் உயர்வு தாளிற் காணும் உயர்விலும் குறைவு.

மறுதரப்பினரின் கூற்றையும் கேட்டல் நடுவுநிலையாகும். ஆசிரியருக்கு விடுமுறை மிகுதி என்பர். ஓய்வூதியம் உண்டு என்பர். பிற்பகலில் தனியார் வகுப்பு நடத்திப் பொருளீட்டுகின்றனர் என்பர். கடன்பட்ட நாடு எங்கிருந்து கொடுக்கும் என்றும் வினவுவர். விடுமுறையும் ஓய்வூதியமும் உண்மையே. ஓய்வூதியம் ஏனைய அரச சேவையாளருக்கும் உண்டாதலால் வேற்றுமைக்கு அது விடையாகாது. நாட்டின் வறுமையும் உண்மையே. ஆனால் தேசிய உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஏற்ற குறி. இலங்கை செலவிட்டுவந்ததோ அதன் பாதியளவுக்கும் எட்டாதது. இலவசக் கல்வியைப் பெருமையாகக் கூறும் நாடு, அப்பெருமைக்கு உரிய விலையை ஆசிரியரின் பையிலிருந்து எடுக்கலாகாது.

தனியார் வகுப்பைப் பற்றிய கூற்றே நம் வாதத்தின் உயிர்நிலையைத் தொடுகின்றது. யாழ்ப்பாணத்திற் பெரும்பாலான ஊர்களில் இன்று ரியூசன் நிலையம் பாடசாலைக்கு நிகராக நிமிர்ந்து நிற்கின்றது. ஆசிரியரிற் பலர் அங்குச் செல்வதற்குச் சம்பளக் குறை ஒரு காரணம். பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதற்குத் தேர்வுப் போட்டி மற்றொரு காரணம். அங்கே செலுத்தப்படும் கட்டணம் யாருடைய பணம்? புத்தூர்ச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடும் கமக்காரனுடையது; நாட்கூலிக்கு அத்தோட்டத்தில் வேலை செய்பவனுடையது. ஆசிரியருக்கு அரசாங்கம் கொடாது விட்ட பணத்தை, வகுப்புக்கு இவ்வளவு என்று கமக்காரன் கொடுக்கின்றான். கொடுக்க முடிந்தவனின் பிள்ளை இருமுறை கற்கின்றது. கொடுக்க முடியாதவனின் பிள்ளை ஒருமுறை கற்கின்றது. அதுவும் மாலை வகுப்பை எண்ணிக் களைத்த ஆசிரியரிடம் கற்கின்றது. ஆதலால் ஆசிரியரின் ஊதியக் குறை ஆசிரியரோடு நிற்பதன்று. அது மிக வறிய மாணவனின் தலையிற் சென்று விழுகின்றது. 1945ஆம் ஆண்டில் முன்வாயிலால் வெளியேற்றப்பட்ட கட்டணம் பின்வாயிலால் மீண்டும் புகுந்துள்ளது.

வட கிழக்கு மாகாணங்களிற் போர்க்காலத்தில் தொண்டர் ஆசிரியராய்க் கற்பித்தோரையும் ஈண்டு நினைத்தல் கடன். நிரந்தர நியமனமின்றி, ஊதியமின்றியும் மிகச் சிறு கொடுப்பனவோடும் அவர்கள் வகுப்புகளை மூடாது காத்தனர். போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் நியமனம் வேண்டி அவர்களிற் பலர் போராட நேர்ந்தது. தொண்டு என்னும் சொல்லைச் சமுதாயம் எவ்வளவு மலிவாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? ஒத்த தகைமைக்கு ஒத்த சம்பளம் என்னும் 1966ஆம் ஆண்டுக் கொள்கையைச் சம்பளத் திட்டத்தின் அடிப்படையாக்கல் வேண்டும். விலைவாசியோடு சம்பளத்தை ஆண்டுதோறும் ஒத்துப் பார்க்கும் முறை வேண்டும். வகுப்பறைக்கு வெளியே செய்யும் வேலையையும் வேலையாகக் கணக்கிடல் வேண்டும். இவை அரசாங்கத்தின் கடன். ஆசிரியருக்கும் ஒரு கடன் உண்டு. தக்க ஊதியம் கிடைக்குமிடத்து, தம் வகுப்பில் முழுமையாகக் கற்பியாது அதே பாடத்தை மாலையில் விலைக்கு விற்கும் வழக்கத்தை அறவே விலக்குதல் அக்கடனாகும்.

பழைய மாணவருக்கும் ஒரு சொல். கல்லூரிக்கு வாயிலும் மண்டபமும் கட்டிக் கொடுத்த உங்கள் கொடை போற்றத்தக்கது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தல் உங்கள் வேலையன்று. அதனை நீங்கள் ஏற்றுக்கொள்ளின் அரசாங்கம் தன் கடனை மறந்துவிடும். ஆனால் தூரத்திலிருந்து வரும் ஆசிரியருக்குத் தங்குமிடம், கற்பித்தலுக்கு வேண்டிய நூலும் கருவியும், வறிய பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத மாலை வகுப்பு ஆகியன உங்கள் கைக்கு எட்டியவை. கல்லிற் பெயர் பொறிக்க இடமில்லாத கொடைகள் இவை, பயனோ பெரிது.

நிலாவரைக் கிணற்றின் நீரை நம்பி வாழும் ஊரவர், ஊற்றைத் தூர்ந்துபோக விட்டுவிட்டுப் பயிரைக் கடிந்துகொள்ளார். கல்விக்கு ஊற்று ஆசிரியரே. அவ்வூற்றைக் காப்பதற்கு ஆகும் செலவு ஆசிரியருக்கு நாம் செய்யும் தருமமன்று. நம் பிள்ளைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.