எந்தத் தண்ணீர் நிலத்தை நடுக்குகிறது?

"ஃப்ராக்கிங் செய்தால் நிலநடுக்கம் வருமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆதரிப்பவர்கள் வெறும் புரளி என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் பூமியையே பிளக்கிறார்கள் என்கிறார்கள். இருவருக்கும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பதில் இருக்கிறது. 2009க்கு முன்பு அங்கே 3 அளவைத் தாண்டிய நடுக்கம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். 2015இல் மட்டும் 900க்கு மேல். 2016 செப்டம்பர் 3 அன்று பானி நகருக்கு அருகே 5.8 அளவில் நிலம் குலுங்கியது. ஆனால், ஃப்ராக்கிங்கால், அதாவது வாயுவுக்காகவும் எண்ணெய்க்காகவும் மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளந்ததால், நேரடியாக வந்தவை நூற்றுக்கு ஓரிரண்டுதான் என்கிறது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம். மற்றவற்றுக்குக் காரணம், பூமிக்குள் திருப்பி அனுப்பிய கழிவுநீர்.

முறை பழையது. 1947இல் கன்சாஸில் சோதித்தார்கள். 1990களில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் டெக்சாஸின் பார்னெட் ஷேல் பாறையில் அதைக் கட்டுப்படியாகும் தொழிலாக்கியது. வரலாறு இவ்வளவு போதும். கவனிக்க வேண்டியது, கிணற்றில் எண்ணெயோடும் வாயுவோடும் மேலே வரும் இந்தக் கழிவுநீரை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த பழைய கடல்நீர் அது. இன்றைய கடலைவிடப் பல மடங்கு உப்பு. வயலுக்கும் ஆகாது, ஆற்றிலும் விட முடியாது. ஓக்லஹோமாவில் அதை அர்பக்கிள் என்னும் ஆழமான சுண்ணாம்புப் பாறை அடுக்குக்குள் செலுத்தினார்கள். அதற்கும் கீழே, பழைய பிளவுகள் ஓடும் கடினப் பாறை.

வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்தால், சில நேரம் அது தானாக நகரும். உள்ளே மாட்டிய காற்று சூடேறி விரிகிறது. விளிம்பைச் சுற்றிய ஈரம் அதை வெளியே விடுவதில்லை. டம்ளரின் எடையில் ஒரு பங்கைக் காற்றே தாங்கிக்கொள்கிறது. எடை குறையவில்லை, மேடையைப் பற்றியிருக்கும் பிடிதான் தளர்கிறது. மேடை இம்மியளவு சாய்ந்திருந்தால் போதும், வழுக்கிவிடும். 1959இல் ஹபர்ட், ரூபி என்ற இரு நிலவியலாளர்கள் ஈரக் கண்ணாடிமேல் காலி பீர் டப்பாவைக் கவிழ்த்து இதையேதான் காட்டினார்கள். டம்ளர் இருந்த இடத்தில் சில கிலோமீட்டர் கனமுள்ள பாறையை வையுங்கள். காற்றின் வேலையைப் பிளவுக்குள் ஏறிய நீரழுத்தம் செய்கிறது. மேடையின் சாய்வு, யுகயுகமாக நிலத்தில் சேர்ந்த இறுக்கம். மேடை நிறைய டம்ளர் கவிழ்த்திருந்தால் எல்லாமா நகர்கின்றன? சாய்வும் ஈரமும் சரியாக அமைந்த ஒன்றிரண்டுதான். ஆயிரக்கணக்கான கழிவுநீர்க் கிணறுகளில் பெரும்பாலானவை அமைதியாக இருப்பதும் இதனால்தான். ஆக, நிலத்தைக் குலுக்கும் சக்தியை நீர் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே இருந்ததை அவிழ்த்துவிடுகிறது. அழுத்தம் பாறைக்குள் மெல்லப் பரவுவதால், கிணற்றுக்குப் பல கிலோமீட்டர் தள்ளியும், செலுத்துவதை நிறுத்திய பிறகும்கூட நடுக்கம் வரலாம்.

இது ஊகமல்ல. கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏற்றியபோது நடுக்கம் கூடியது, இறக்கியபோது அடங்கியது. ஓக்லஹோமாவில் 2016இல் கழிவுநீரின் அளவைக் குறைக்க உத்தரவிட்டபின் நடுக்கங்களும் குறைந்தன. எண்ணெய் விலை விழுந்து உற்பத்தி சுருங்கியதும் அதற்குத் துணை செய்தது.

அப்படியானால் பாறையைப் பிளப்பதில் குற்றமே இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2019 ஆகஸ்டில் வந்த 2.9 அளவு நடுக்கம் பிளக்கும் வேலையாலேயே வந்தது. நவம்பரில் அரசு அதை நிறுத்திவைத்தது. நன்மையையும் மறுக்க முடியாது. அதே மின்சாரத்துக்கு எரிவாயு வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி. 2005இல் அமெரிக்க மின்சாரத்தில் பாதியைத் தந்த நிலக்கரி, 2020இல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியதற்கு மலிவான எரிவாயு பெரிய காரணம். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. குழாயின் கசிவை அளக்காமல் 'தூய எரிபொருள்' என்று விளம்பரம் செய்வதை நம்புவதற்கில்லை. செலுத்தும் நீரைக் குறைத்தால் நடுக்கம் குறையும் என்பதை ஓக்லஹோமா காட்டியது. கசிவையும் அளந்தால்தான் குறைக்க முடியும். அந்த அளவுகள் நிறுவனங்களின் கோப்புக்குள் முடங்கக் கூடாது. அந்த நிலத்தின்மேல் வீடு கட்டியிருப்பவர்கள் அன்றன்றே பார்க்கும்படி வெளிவர வேண்டும்.